பவளத்தைப் பட்டினி போடாதீர்கள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டு ஒருவர் கடையேறினால், மீன்களின் பெயரைத் தெரிந்துகொள்ளும் முன்பே அவர் காதில் விழும் உபதேசம் ஒன்று உண்டு. “கோரல் வைக்கணும்னா தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கணும் சார். நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட் ஜீரோ. ஏறிச்சுன்னா எல்லாம் போச்சு.” சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் கேட்கலாம், கோரல் வளர்ப்போரின் வாட்ஸாப் குழுக்களிலும் கேட்கலாம். டெஸ்ட் கிட் குப்பியில் நிறமே ஏறாத தண்ணீரைப் படமெடுத்துப் போடுகிறவருக்குக் கைதட்டல் விழுகிறது. தன் தொட்டியில் நைட்ரேட் 10 பிபிஎம் என்று ஒருவர் எழுதிவிட்டால், துக்கம் விசாரிக்கும் தொனியில் பதில்கள் வரிசைகட்டுகின்றன.

இந்த நம்பிக்கை அடியோடு தவறு. வீட்டுத் தொட்டிகளில் வெளிறி, மெலிந்து, கடைசியில் வெள்ளை எலும்பாக நிற்கும் பவளங்களில் பெரும்பங்கு அழுக்கால் செத்தவை என்று நான் நம்பவில்லை. சோறில்லாமல் செத்தவை அவை. வளர்ப்பவர் கஞ்சர் என்பதால் இது நடக்கவில்லை. பாஸ்பேட் ரிமூவர், நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்கான பயோபெல்லட், நாள்தோறும் சொட்டுவிடும் வோட்கா, தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய ஸ்கிம்மர் என்று ஆயிரமாயிரமாகச் செலவழித்துத்தான் அந்தப் பட்டினியை அவர் உண்டாக்குகிறார்.

முதலில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன், இல்லையென்றால் பிறகு அதைக் காட்டியே சண்டைக்கு வருவார்கள். தொட்டிக்குள் ஊற்றும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. சென்னை போர்வெல் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றுகிறவரை யாரும் காப்பாற்ற முடியாது. ஆர்ஓ, அதன்பின் டிஐ, டிடிஎஸ் மீட்டரில் சுழியம், அதன் பிறகுதான் உப்பு. செம்பு துளிகூட இருக்கக் கூடாது. புதுத் தொட்டியில் அமோனியா இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதெல்லாம் விஷம் நுழையாமல் பார்ப்பது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அந்த வகையில் சேர்ந்தவை அல்ல. அவை உணவு. விஷத்தையும் உணவையும் ஒரே பட்டியலில் எழுதி, இரண்டுக்கும் எதிரே ‘ஜீரோ’ என்று போட்டதில்தான் கோளாறு தொடங்கியது.

சுழியக் கட்சியின் முதல் சான்று கடல்தான். 1999இல் ஜோன் கிளேபாஸும் உடன்பணியாற்றியவர்களும் உலகெங்கும் ஏறக்குறைய ஆயிரம் பவளப்பாறைப் பகுதிகளின் நீர்நிலவரத்தைத் தொகுத்தார்கள். அதன் சராசரியை நம் டெஸ்ட் கிட் அளவைக்கு மாற்றினால் நைட்ரேட் 0.015 பிபிஎம், பாஸ்பேட் 0.012 பிபிஎம் சுமார் வரும். எந்த வீட்டு டெஸ்ட் கிட்டும் இதைச் சுழியம் என்றே காட்டும். “பார்த்தீர்களா, கடலிலேயே இல்லை, பிறகு தொட்டியில் எதற்கு?” என்கிறார்கள். கேட்பதற்கு முடிந்த வழக்குபோல் இருக்கிறது.

ஆனால் இந்த எண் எதை அளக்கிறது? தின்றது போக மிஞ்சியதை. கல்யாணப் பந்தி முடிந்தபின் வழித்து வைத்த இலையைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் சோறே போடவில்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பானது இது. பவளப்பாறையின் மேல் இரவும் பகலும் கடல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு லிட்டரில் இருப்பது அற்பம். ஒரு நாளில் கடந்துபோகும் லிட்டர்களுக்குக் கணக்கில்லை. 1988இல் வில்லியம் ஹாம்னர் குழுவினர் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் காற்றுமுகப் பக்கத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாறையை நோக்கி நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிர்களை, முகப்பில் திரளும் மீன்கள் வரும் வழியிலேயே தின்று தீர்ப்பதைப் பதிவுசெய்து, அந்த மீன்கூட்டத்தை ‘வாய்களாலான சுவர்’ என்று அழைத்தார்கள். அந்த மீன்கள் தின்றது கழிவாகி எங்கே விழுகிறது? பவளத்தின் மேல்.

இதற்கு இன்னும் நேரடியான சான்று உண்டு. கரீபியனில் செயின்ட் குரோய் தீவருகே, கிரன்ட் என்னும் மீனின் குஞ்சுகள் இரவில் கடற்புல் வெளிக்கு மேயப் போய், பகலில் பவளத் தலைகளின் மேல் கூட்டமாக வந்து தங்குகின்றன. தங்கும் நேரமெல்லாம் அமோனியாவும் கழிவும் அங்கேயே விழுகின்றன. ஜூடி மேயர், எரிக் ஷுல்ட்ஸ், ஜீன் ஹெல்ஃப்மன் மூவரும் மீன்கூட்டம் தங்கும் பவளத்தையும் தங்காத பவளத்தையும் ஒப்பிட்டு 1983இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். கூட்டம் தங்கும் பவளம் வேகமாக வளர்ந்திருந்தது. மாலத்தீவுக்குத் தெற்கே உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தில் இதே கதையைப் பறவைகள் நடத்துகின்றன. கப்பலேறி வந்த எலிகள் புகுந்த தீவுகளில் கடற்பறவைகள் அற்றுப்போயின. எலி புகாத தீவுகளில் அவை இலட்சக்கணக்கில் அடைகின்றன. பறவைத் தீவை ஒட்டிய பவளங்கள் எச்சத்தின் நைட்ரஜனை வாங்கிக்கொண்டு, எலித் தீவின் பவளங்களைவிட விரைவாக வளர்கின்றன. பறவை எச்சம் விழுந்த தண்ணீரில்! நம் குழுக்களில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் உடனே நூறு சத வாட்டர் சேஞ்ச் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

அப்படியானால் தெளிந்த கடலின் எண்ணை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும்? இருநூறு லிட்டர் தொட்டியில் புதுத் தண்ணீர் ஓடி வருவதில்லை. வேவ்மேக்கர் சுழற்றுவது அதே இருநூறு லிட்டரைத்தான். மிதவை உயிர்கள் கிடையாது. இருப்பவற்றையும் ஸ்கிம்மர் நுரையோடு தள்ளிவிடும். மீன்கள் இரண்டு நீமோ, ஒரு டேம்செல். அவற்றுக்கும், தண்ணீர் கெட்டுவிடுமே என்று ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை தீனி. இந்த இடத்தில் மானி சுழியம் காட்டினால் அதற்குப் பொருள், உள்ளே வந்தது தீர்ந்துவிட்டது, இனி வருவதற்கும் ஒன்றுமில்லை என்பதே. கடலின் சுழியமும் தொட்டியின் சுழியமும் ஒரே எண், நிலைமை வேறு.

சரி, சத்து அதிகமுள்ள தண்ணீரில் பவளம் வாழ்ந்து காட்டியிருக்கிறதா? இருக்கிறது, அதுவும் ஆவணமாக. ஹவாயில் ஹொனலூலு நகரில் வைகிகி காட்சிச்சாலை இருக்கிறது. அங்கே தொட்டிகளுக்கு வருவது உப்புநீர்க் கிணற்றுத் தண்ணீர். மார்லின் அட்கின்சன், புரூஸ் கார்ல்சன், ஜெரால்ட் குரோ மூவரும் அதை அளந்து 1995இல் ‘கோரல் ரீஃப்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். பாஸ்பேட் ஏறத்தாழ 0.06 பிபிஎம், அதாவது மேலே சொன்ன கடல் சராசரியைப் போல் ஐந்து மடங்கு. நைட்ரேட் 0.3 பிபிஎம், இருபது மடங்கு. அமோனியமும் கூடுதல். பிஎச் வேறு குறைவு. நம் ஊர்க் கடைக்காரர் அந்த எண்களைப் பார்த்தால் பவளம் வாங்காதீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்தத் தண்ணீரில் 57 இனக் கல்பவளங்களை அவர்கள் வளர்த்திருந்தார்கள். அவற்றின் வளர்ச்சி, கடலில் பதிவான வேகங்களின் மேல்வரம்பை ஒட்டி இருந்தது.

இந்தக் கட்டுரை வந்து முப்பது ஆண்டாகிறது. இதைப் படித்தவர் கடைகளில் இல்லை என்பதை மன்னிக்கலாம். ஆனால் அதற்கும் முன்பே, 1961இல், ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து உயிருள்ள பாறைகளைக் கொண்டுவந்து, வெயில் படும் தொட்டியில் காற்றுக் குமிழியை மட்டும் விட்டு, பவளம் வளர்த்ததை அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் எழுதிவிட்டார். ஸ்கிம்மர் இல்லை, ரிமூவர் இல்லை. இன்று நாம் லைவ் ராக் என்று கொண்டாடுகிற முறைக்கு அவரே முன்னோடி. அவர் தொட்டியை ‘அழுக்கு’ என்று சொல்ல அன்று யாருக்கும் தோன்றவில்லை.

சுழியக் கட்சியிடம் பலமான வாதம் எதுவும் இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. இருக்கிறது. பாஸ்பேட் சுண்ணாம்புப் படிகம் உருவாவதைத் தடுக்கும் என்று 1964இலேயே சிம்கிஸ் எழுதினார். 1979இல் வெளியான கின்சி, டேவிஸ் இருவரின் ஆய்வு இன்னும் கனமானது. பெருந்தடுப்புத் திட்டின் ஒன் ட்ரீ தீவில் ஒரு பவளத்திட்டுக்கு உரம் போடுவதுபோல் சத்து ஊற்றிப் பார்த்தார்கள். சுண்ணாம்பு படிவது பாதிக்கும் மேல் குறைந்துபோனது. பாஸ்பேட் பயம் என்ற மரம் இந்த விதையிலிருந்து முளைத்தது. ஆனால் அவர்கள் ஊற்றியது எவ்வளவு? பாஸ்பேட் ஏறக்குறைய 0.19 பிபிஎம், அதோடு அமோனியமும் யூரியாவும் தாராளமாக. இரண்டும் கலந்து போட்ட சோதனையில் எது என்ன செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 0.19இல் கெடுதல் நடந்தது என்பதிலிருந்து 0.03உம் கெடுதல், ஆகவே சுழியமே நல்லது என்று தாவுவதற்கு அந்த ஆய்வு எந்த இடத்திலும் உரிமை தரவில்லை.

அதே தீவில் 1993க்கும் 1996க்கும் இடையே ‘என்கோர்’ என்ற பெரிய சோதனை நடந்தது. பன்னிரண்டு சிறு பவளத்திட்டுகள். சிலவற்றுக்கு நைட்ரஜன், சிலவற்றுக்குப் பாஸ்பரஸ், சிலவற்றுக்கு இரண்டும், சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. இந்த முறை பிரித்தே போட்டார்கள். முடிவு இரு கட்சிக்கும் முழுச் சந்தோஷம் தராது. பவளத்தின் இனப்பெருக்கம் பாதிக்கப்பட்டது. பாஸ்பேட் பெற்ற அக்ரோபோரா பவளம் வேகமாக நீண்டது, ஆனால் எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் ஒடிந்தது. பாசி வந்து திட்டுகளை மூடிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது மட்டும் நடக்கவில்லை. ஆக, சத்து மிகுந்தால் கேடு உண்டு. மறுக்கவில்லை. அதற்கு எதிர்த்திசையில் உள்ள கேட்டைப் பற்றி இந்த இரண்டு ஆய்வுகளுமே கேள்வி எழுப்பவில்லை என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன்.

எழுப்பியவர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பவளப்பாறை ஆய்வகம் நடத்தும் யோர்க் வீடன்மன். நம் தொட்டிகளைப் போன்ற மூடிய தொட்டிகளிலேயே அவர் குழு பவளம் வளர்க்கிறது. அதனால் அவர்கள் சொல்வது நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பவளத்தின் சதைக்குள் குடியிருந்து ஒளியைச் சர்க்கரையாக்கித் தரும் நுண்பாசிக்கு நைட்ரஜன் கிடைத்து, பாஸ்பரஸ் மட்டும் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று 2013இல் காட்டினார்கள். பாசி பெருகப் பார்க்கிறது. உயிரணுச் சவ்வுக்கு வேண்டிய பாஸ்பரஸ் கொழுப்பு இல்லாததால் கந்தகக் கொழுப்பை வைத்து ஒப்பேற்றுகிறது. அப்படிக் கட்டிய சவ்வு வெளிச்சத்தையும் வெப்பத்தையும் தாங்குவதில்லை. பவளம் வெளிறிவிடுகிறது.

2017இல் இதே ஆய்வகத்தின் சப்ரினா ரொசெட் முதலானோர் யூஃபிலியா பவளத்தை வைத்து இதைத் தொடர்ந்தார்கள். யூஃபிலியா நம் தொட்டிகளில் மிகவும் விரும்பப்படும் இனம். ஆடும் கொடுக்குகளைப் பார்த்தே பலர் இந்தப் பொழுதுபோக்குக்குள் விழுகிறார்கள். பாஸ்பேட் பற்றாக்குறையில் அது சதை இழந்தது, பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டது, வெளிறியது. பாஸ்பேட் தாராளமாக இருந்து நைட்ரஜன் குறைந்தபோது பாசியின் ஒளிச்சேர்க்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது வீட்டுத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். பாஸ்பேட்டை இறக்குவது எளிது: இரும்பு ஆக்சைடு துகளை ஒரு ரியாக்டரில் போட்டால் இரண்டு நாளில் தரைமட்டம். நைட்ரேட்டை இறக்குவது மெதுவான வேலை. எனவே கடைக்காரர் சொன்னபடி செய்கிற புதியவரின் தொட்டியில் முதல் மாதத்திலேயே நைட்ரேட் 15, பாஸ்பேட் 0.00 என்ற நிலை வந்துவிடுகிறது. சவுத்தாம்ப்டனில் பவளத்தை வெளிறவைக்கத் திட்டமிட்டு உருவாக்கிய அதே சேர்க்கையை இவர் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். பவளம் வெளிறியதும் “இன்னும் எங்கேயோ பாஸ்பேட் ஒளிஞ்சிருக்கு சார்” என்று இன்னொரு பாக்கெட் விற்கப்படுகிறது.

2023இல் அந்தக் குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது இன்னும் சுவையானது. சாகோஸ் பறவைத் தீவுகளின் சான்றும் இதில் சேர்ந்தது. தண்ணீரில் கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நேரடியாக எடுத்துக்கொள்ளப் பவளத்துக்குத் தெரியாது. அதன் பாசி எடுத்துக்கொண்டு பெருகுகிறது; பெருகிய பாசியில் ஒரு பகுதியைப் பவளம் செரித்துவிடுகிறது. வேறு தீனியே இல்லாமல், கரைந்த சத்தை மட்டும் கொண்டு, இந்த வழியில் பவளங்கள் வளர்ந்தன. சத்து நிறுத்தப்பட்டவை நின்றுபோயின. நாம் ரிமூவர் போட்டு உறிஞ்சி எறிவது அந்தப் பயிருக்கான எருவை.

சுழியத்தின் இன்னொரு பரிசுக்குப் பெயர் டைனோ. மணலின் மேல் பழுப்புச் சளி, அதில் சிறு குமிழ்கள், விளக்கு அணைந்தபின் கொஞ்சம் குறைந்து காலையில் திரும்பி வரும். கிளீனப் குரூ என்று வாங்கிவிட்ட நத்தைகள் ஒவ்வொன்றாக உருண்டு கிடக்கும். ஆஸ்ட்ரியோப்சிஸ் போன்ற இனமாக இருந்தால் அதன் நச்சு அவற்றைக் கொல்கிறது. மூத்த வளர்ப்பாளர்களின் பொது அனுபவம் என்னவென்றால், இந்தச் சளி பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடிமட்டத்துக்குப் போன தொட்டிகளில் வருகிறது. உலர்ந்த பாறை போட்டு, பாக்டீரியா வளம் இல்லாமல் தொடங்கிய தொட்டியென்றால் கூடுதல் வேகம். மற்ற பாசிகளும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒடுங்கியபின் காலி மனையைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மருந்தாக அவர்கள் செய்வதைக் கேட்டால் சுழியக் கட்சிக்காரருக்கு மயக்கமே வரும்: சோடியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளந்து தொட்டியில் ஊற்றுகிறார்கள். நீந்தும் இனத்துக்கு யுவி விளக்கும் சேர்த்து. புதியவரோ சளியைக் கண்டதும் தண்ணீர் அழுக்காகிவிட்டது என்று நினைத்து, தீனியை நிறுத்தி, மேலும் ரிமூவர் போட்டு, டைனோவுக்கு இடத்தை எழுதியே கொடுத்துவிடுகிறார். இன்னொரு வேடிக்கை, பவளத்துக்குள் வாழும் அந்த நுண்பாசியும் இதே டைனோஃபிளாஜெல்லேட் குலத்தைச் சேர்ந்ததுதான். உள்ளே இருப்பதைப் பட்டினி போட்டுக் கொன்று, வெளியே இருப்பதை வளர்த்து வைக்கிறோம்.

“சரி, பச்சைப் பாசி? ஹேர் ஆல்கே? சத்து ஏறினால் அது வந்து மூடிவிடாதா?” நியாயமான கேள்வி. இதற்கு ஜமைக்கா பதில் சொல்லும். 1970களின் கடைசியில் அங்கே பாறைகளில் உயிருள்ள பவளம் பாதிக்கும் மேல் மூடியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் 5 சதத்துக்கும் கீழே. மிச்சத்தைப் பாசி பிடித்தது. நடுவில் 1980இல் ஒரு பெரும் புயல். அதைவிட முக்கியமாக, கிளிமீன் போன்ற மேய்ச்சல் மீன்களை மனிதர் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். மிஞ்சிய மேய்ச்சலைச் செய்துவந்த நீண்ட கருமுட்களுடைய கடல் முள்ளெலியும் 1983-84இல் ஒரு நோயில் கரீபியன் முழுக்கச் செத்துப்போனது. சத்தும் ஒரு காரணம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு, இருக்கட்டும். மேய ஆளில்லாமல் போனதே முதன்மைக் காரணம் என்பதை டெரன்ஸ் ஹியூஸ் 1994இல் விரிவாக எழுதினார். மேய்ச்சல் உயிர்கள் இருந்த ஒன் ட்ரீ தீவில் சத்தை வலிந்து ஊற்றியும் பாசி மூடவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

தொட்டியில் பாசி வந்தால் நான் முதலில் பார்ப்பது டெஸ்ட் கிட்டை அல்ல. எத்தனை ட்ரோக்கஸ் நத்தை இருக்கிறது, ஒரு டேங் மீனோ ஓராவோ வைக்க இடம் இருக்கிறதா, ஒரு முள்ளெலி போடலாமா என்பதுதான் முதல் கேள்வி. மானியை நம்பினால் இன்னொரு குழப்பமும் வரும். பாசி அடர்ந்த தொட்டியில் பாஸ்பேட் சுழியமாகக் காட்டும், ஏனென்றால் கரைவதையெல்லாம் பாசி அப்போதைக்கப்போதே விழுங்கிவிடுகிறது. சுழியம் காட்டும் தொட்டியில் பச்சைக் கம்பளம் எப்படி என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் ஏராளம். பாசியைக் கையால் பிடுங்கி எறிவது ஒரு மாத ரிமூவர் செலவைவிட அதிகச் சத்தை வெளியேற்றும். ஆனால் அதற்குக் கையை நனைக்க வேண்டும்.

ஜெர்மனியிலிருந்து வந்த ஜியோலைட் முறை, மிகக் குறைந்த சத்தில் வெளிர் வண்ணப் பவளங்களை வளர்க்கும் முறை, அதன் படங்களைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பார்கள். அழகான தொட்டிகள்தான். ஆனால் அந்த முறையைச் செய்கிறவர் ஒரு கையால் உறிஞ்சும்போது மறு கையால் அமினோ அமிலமும் மிதவைத் தீனியும் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். காரத்தன்மையையும் கடல் அளவான 7 டிகேஎச்சை ஒட்டியே வைத்திருக்கிறார். மீன்களும் நிறைய. நம்மவர் எடுத்துக்கொண்டது உறிஞ்சும் பாதியை மட்டும். போதாததற்கு, கரைத்தால் 11, 12 டிகேஎச் வரும் உப்பை வாங்கி, மேலே முழு வெளிச்சத்தில் எல்இடியை எரியவிடுகிறார். அதிகக் காரத்தன்மையும் வெளிச்சமும் பவளத்தை வேகமாக வளரச் சொல்கின்றன, வளரச் சதைக்கு வேண்டிய சத்து இல்லை. அக்ரோபோராவின் நுனிகள் சுட்டதுபோல் வெள்ளையாகின்றன. இதற்கும் பழி பாஸ்பேட் மேல்தான் விழுகிறது.

பவளம் என்றால் கண்ணாடித் தண்ணீர் என்பதே சுற்றுலாப் படங்கள் தந்த கற்பனையோ என்று எனக்குச் சந்தேகம். மண்டபத்தையொட்டிய பாக் விரிகுடாக் கரையில் கலங்கல் தண்ணீரில் பவளம் நிற்கிறது. கப்பல் போக்குவரத்தும் வண்டலுமாக, சில மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத சிங்கப்பூர்க் கடலில் 250 இனம் அளவில் கல்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. கலங்கல் நீரில் வாழும் பவளங்கள் மிதக்கும் துகள்களைத் தின்னும் திறனில், தெளிநீர்ப் பவளங்களை மிஞ்சுவதை ஆஸ்திரேலியக் கடலில் அளந்தும் இருக்கிறார்கள். சாக்கடையைத் திறந்துவிட்டால் பவளம் செழிக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்; தூத்துக்குடிக் கடலில் போய்ப் பார்த்தவர் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். (இவ்விடத்தில் ஒன்று: இந்தியக் கடலின் கல்பவளங்கள் 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து விரற்கடை அளவு துண்டு எடுப்பதும் குற்றம். “ராமேஸ்வரம் பீஸ், சீப்பா முடிச்சுத் தரேன்” என்கிறவரிடம் வாங்காதீர்கள்.)

கடைசியாக, அந்த எண்ணின் மேல் வைக்கும் பக்தியைப் பற்றி. வீடுகளில் அதிகம் பயன்படும் ஹன்னா கையடக்கப் பாஸ்பேட் மானியை எடுத்துக்கொண்டால், அதன் பிழைவரம்பாக உற்பத்தியாளரே குறிப்பிடுவது கூட்டியோ குறைத்தோ 0.02 பிபிஎம், அதற்கு மேல் அளவில் 5 சதம். அதாவது மானியில் 0.02 என்றால் உண்மை 0.00 ஆகவும் இருக்கலாம், 0.04 ஆகவும் இருக்கலாம். குப்பியில் விரல்ரேகை பட்டாலே எண் மாறுகிறது. இந்தக் கருவியை வைத்துக்கொண்டு 0.03ஐ 0.00க்கு இறக்கிவிட்டேன் என்று கொண்டாடுவதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விரல்ரேகை என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்பீர்கள். நைட்ரேட் 2க்கும் 15க்கும் நடுவே, பாஸ்பேட் 0.03க்கும் 0.1க்கும் நடுவே எங்கே நின்றாலும் நான் கவலைப்பட மாட்டேன். மென்பவளமும் ஜோவாந்தஸும் மட்டுமென்றால் அதற்கு மேலும் தாங்கும். எங்கே நிற்கிறது என்பதைவிட, நின்ற இடத்தில் நிற்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். 0.2இல் மாதக்கணக்காக நன்றாக வளரும் பவளத்தை ஒரே வாரத்தில் 0.02க்கு இழுப்பதுதான் ஆபத்து. இறக்கியே ஆக வேண்டுமென்றால் ரிமூவரைச் சொன்ன அளவில் கால் பங்கு போட்டு, வாரம் ஒருமுறை அளந்து, இறங்குவது கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள். சுழியம் காட்டும் தொட்டி என்றால் ரியாக்டரை இன்றைக்கே அணைத்துவிடலாம். ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓடவிடுங்கள். உறைந்த மைசிஸ் தீனியை உருக்கி, நாளைக்கு இரண்டு வேளை, மீன்கள் தின்று முடிக்கும் அளவு போடுங்கள். தொட்டியின் கொள்ளளவு இடம் கொடுத்தால் இன்னும் இரண்டு மீன் விடுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் சீராக எரு போடும் கருவி அதைவிட மலிவாக எங்கும் கிடைக்காது. மூன்று நாலு வாரத்தில் வெளிறிய யூஃபிலியாவின் அடிச்சதையில் பழுப்பு ஏறுவதைப் பார்க்கலாம். அந்தப் பழுப்பைக் கண்டு பயந்து மறுபடியும் கடைக்கு ஓடாதிருந்தால் சரி.